முதலில் யார் குறைப்பது?

தட்டுப்பாடு வரும்போதெல்லாம் மேலிருந்து அறிவுரையும் வருகிறது. தி.நகரும் மயிலாப்பூரும் அடையாறும் அதை ஏன் கசப்போடு கேட்கின்றன?

2012 ஜூலை 10. பெங்களூருவில் செய்தியாளர்களிடம் பேசிய அன்றைய மத்திய உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம், நடுத்தர வர்க்கத்தைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னார். தண்ணீர் பாட்டிலுக்குப் பதினைந்து ரூபாயும் ஐஸ்கிரீமுக்கு இருபது ரூபாயும் கொடுக்கிறவர்கள், அரிசியும் கோதுமையும் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் பொறுக்க மாட்டேன் என்கிறார்கள் என்பது அதன் சாரம். விவசாயிக்குக் கூடுதல் விலை கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது சொன்னது, அதைத் திரித்துவிட்டார்கள் என்று பிறகு விளக்கினார். விளக்கத்தில் நியாயம் இருந்தது. நெல்லுக்கு நல்ல விலை வேண்டுமென்றால் அரிசி விலையும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

சென்னையில் யாரும் ஆசைப்பட்டுத் தண்ணீரை விலைக்கு வாங்குவதில்லை. தி.நகர் சந்துகளில் குழாயில் வருவதைக் குடிக்க முடியாத நாட்கள் உண்டு; எதுவுமே வராத நாட்களும் உண்டு. மோட்டார் வெறும் காற்றை இழுக்கும் கோடையில் கேன் தண்ணீருக்கும் லாரித் தண்ணீருக்கும் மாதச் சம்பளத்தில் தனியாக எடுத்துவைக்க வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்த ஊர் இது. இங்கே தண்ணீர் பாட்டிலை ஊதாரித்தனத்துக்கு உதாரணம் காட்டினால், காட்டுகிறவர் வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்ற கேள்வி உடனே எழும்.

அந்தப் பேச்சு வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில்தான், நகரத்தில் ஓர் ஆள் வறுமைக்கோட்டைத் தாண்ட நாளொன்றுக்கு 32 ரூபாய் போதும் என்று திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்திருந்தது. அதே திட்டக்குழுவின் டெல்லி அலுவலகத்தில் இரண்டு கழிப்பறைகளைப் புதுப்பிக்க ஏறத்தாழ 35 லட்சம் ரூபாய் செலவானது 2012 ஜூனில் வெளியே வந்தது. செப்டம்பரில் டீசல் லிட்டருக்கு ஐந்து ரூபாய் ஏறியது. மானிய சிலிண்டர் ஆண்டுக்கு ஆறுதான் என்று வரம்பும் வந்தது.

செலவைக் குறைக்க வேண்டிய காலம் எந்த நாட்டுக்கும் வரும். அதை இந்த ஊரில் யாரும் மறுக்கவில்லை. மாடியில் இருப்பவர் அறிவுரை சொல்லும்போது தரையில் இருப்பவர் கேட்பது ஒன்றுதான்: முதலில் யார் குறைப்பது?

சிக்கனம் இங்கே புதிதல்ல

மயிலாப்பூர் மாட வீதிகளில் சிக்கனத்தைப் பாடமாக யாரும் நடத்த வேண்டியதில்லை. இரண்டாம் டிகாக்‌ஷனில் மாலைக் காபி போடுவதும், பழைய பட்டுப் புடவையைக் கொடுத்து எவர்சில்வர் பாத்திரம் வாங்குவதும், அண்ணன் படித்த புத்தகத்துக்கு அட்டை போட்டுத் தம்பி படிப்பதும் இங்கே குடும்ப வழக்கம். தீபாவளிக்குத் துணி எடுப்பதை ஆடித் தள்ளுபடியிலேயே முடித்துவிடும் வீடுகள் இன்றும் உண்டு. சீட்டுக் கட்டி மகள் கல்யாணத்தை நடத்தியவர்கள், தபால் நிலையத்து மாத வட்டியில் மருந்து வாங்குகிறவர்கள் என்று தெருவுக்குப் பத்துப் பேரைக் காட்டலாம்.

சேமிப்பை நிறுவனமாகவே ஆக்கிய பேட்டை இது. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872-இல் தொடங்கியது. ஓய்வூதியப் பணத்தையும் வீடு விற்ற பணத்தையும் அங்கே போட்ட முதியவர்கள் ஏராளம். முதிர்ந்த தொகை திரும்பி வரவில்லை என்ற புகார்கள் குவிந்து, 2024 ஆகஸ்டில் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் கைதானார். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லும். ஆனால் ஆயுள் முழுக்கச் செலவைச் சுருக்கிச் சேர்த்தவர்கள் எழுபது வயதுக்கு மேல் போலீஸ் அலுவலக வாசலில் மனுவோடு நின்றார்கள். அவர்களிடம் போய்ச் சிக்கனத்தைப் பற்றி யார் என்ன சொல்ல முடியும்?

சமையலறைக் கணக்கு இன்னும் கூர்மையானது. 2020 மே மாதம் சென்னையில் வீட்டு சிலிண்டர் 569 ரூபாய் 50 காசு. அந்த ஆண்டு நடுவிலேயே பெரும்பாலான வீடுகளுக்கு மானியம் வங்கிக் கணக்கில் விழுவது நின்றுபோனது. 2023 மார்ச்சில் அதே சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு. மூன்றே ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாய் குறைத்தார்கள். இடையில் வீடுகள் என்ன செய்தன? குக்கரை அடுக்கி ஒரே தீயில் மூன்று சமைத்தார்கள். வெந்நீரை நிறுத்தினார்கள். காலையில் செய்த குழம்பையே இரவுக்கும் வைத்துக்கொண்டார்கள். சிக்கனம் செய்யுங்கள் என்று எவரும் சொல்லி இவர்கள் இதைச் செய்யவில்லை.

வெங்காயமும் இரண்டரை மாதமும்

2019 டிசம்பரில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. கால் கிலோவாக வாங்கியவர்கள் இரண்டு, மூன்று என்று எண்ணி வாங்கத் தொடங்கினார்கள். டிசம்பர் 4 அன்று மக்களவையில் அது பற்றிய விவாதத்தில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பேசிக்கொண்டிருந்தபோது, நீங்கள் வெங்காயம் சாப்பிடுகிறீர்களா என்று ஓர் உறுப்பினர் குறுக்கிட்டார். தான் வெங்காயம், பூண்டு அதிகம் சாப்பிடுவதில்லை, அதைப் பெரிதாகப் பொருட்படுத்தாத குடும்பத்திலிருந்து வருகிறேன் என்று அவர் பதில் சொன்னார். குறுக்கீட்டுக்குச் சொன்ன பதில் அது. இறக்குமதி உட்பட அரசு எடுத்த நடவடிக்கைகளையும் அதே பேச்சில் சொன்னார். இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இருந்தும் அந்தப் பதில் ஏன் அவ்வளவு தூரம் தைத்தது? செப்டம்பர் 20 அன்று அதே நிதியமைச்சர் பெருநிறுவனங்களுக்கான வரி விகிதத்தை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்திருந்தார். இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே மதிப்பிட்டது. பொருளாதாரம் மந்தமாக இருக்கிறது, முதலீட்டைத் தூண்ட வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். அது விவாதத்துக்கு உரிய கொள்கை. ஆனால் பெரிய நிறுவனங்களின் சிரமத்துக்கு ஒரே காலையில் பதில் கிடைத்தது. வெங்காயம் வாங்குகிறவரின் சிரமத்துக்கு இரண்டரை மாதம் கழித்துக் கிடைத்ததில் மனதில் தங்கியது அந்த ஒரு வாக்கியம்தான். எந்தக் குடும்பத் தலைவியும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

உஸ்மான் சாலையிடம் ஒரு வேண்டுகோள்

நாட்டின் நெருக்கடி தி.நகரின் கடைவீதிக்கு நேராகவே வந்து நின்ற ஆண்டு 2013. நடப்புக் கணக்குப் பற்றாக்குறை முந்தைய நிதியாண்டில் மொத்த உற்பத்தியில் 4.8 சதவீதத்தைத் தொட்டிருந்தது. தங்க இறக்குமதி மட்டும் ஐந்தாயிரம் கோடி டாலரைத் தாண்டியது. ஆகஸ்ட் 28 அன்று டாலருக்கு 68 ரூபாய்க்கும் கீழே பணம் சரிந்தது. அப்போது நிதியமைச்சராகிவிட்ட சிதம்பரம், தங்கம் வாங்காதீர்கள் என்று மக்களிடம் நேரடியாகவே கேட்டுக்கொண்டார். ஒரே ஆண்டில் இறக்குமதி வரியை 4 சதவீதத்திலிருந்து படிப்படியாக 10 சதவீதத்துக்கு ஏற்றினார்கள்.

கணக்கு வகையில் அவர் சொன்னது சரி. அடுத்த நிதியாண்டில் பற்றாக்குறை 1.7 சதவீதமாக இறங்கவும் செய்தது. ஆனால் பனகல் பார்க் பக்கம் நகைக்கடை ஏறி இறங்கிய குடும்பங்கள் தங்கத்தை நாடியது ஏன்? அந்த ஆண்டுகளில் விலைவாசி ஆண்டுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி ஏறியது. வங்கி வைப்புக்கு எட்டு, ஒன்பது சதவீத வட்டி. பணத்தை வங்கியில் வைத்தால் அது ஆண்டுதோறும் தேயும் என்பதைப் பொருளாதாரம் படிக்காதவரும் கண்டுபிடித்தார்கள். மகளுக்கு நான்கு சவரன் சேர்ப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு. ஆஸ்பத்திரிச் செலவென்றால் அடகுக்கடைக்கு ஓட உதவுவது அதுதான். 1991-இல் நாடே செலுத்த டாலர் இல்லாமல் தவித்தபோது, ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை அடகு வைத்துத்தான் மீண்டது. அரசாங்கமே அப்படித் தப்பித்ததைப் பார்த்தவர்களிடம் தங்கம் வெறும் ஆசை என்று சொல்ல முடியுமா?

இதற்கு முன்னோடியாக இன்னொரு காலமும் உண்டு. 1962 சீனப் போரின்போது தேசியப் பாதுகாப்பு நிதிக்குப் பெண்கள் கழுத்திலும் கையிலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். சில மாதங்களில், 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார்கள். பட்டறையை நம்பியிருந்த பொற்கொல்லர் குடும்பங்கள் வேலையிழந்தன. நாடெங்கும் தற்கொலைகள் நடந்தன. பதுக்கியவர்களை அந்தச் சட்டத்தால் ஒழிக்க முடியவில்லை, கடத்தல் பெருகியது. ஊதுகுழலும் கையுமாக உட்கார்ந்திருந்தவர்தான் முதலில் விழுந்தார். 1966-இல் 14 காரட் வரம்பை எடுத்துவிட்டார்கள். அதற்குள் எத்தனையோ பட்டறைகளில் அடுப்பு அணைந்திருந்தது.

கேட்ட விதமும் கொடுத்த மனமும்

கொடுக்க மனமில்லாத மக்கள் என்று இவர்களைச் சொல்ல யாராலும் முடியாது. 1965-இல் பாகிஸ்தானோடு போர், மறுபக்கம் உணவுப் பஞ்சம், அமெரிக்கக் கோதுமைக்குக் காத்திருக்கும் நிலை. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை உணவை விடுங்கள் என்று நாட்டைக் கேட்டார். கேட்பதற்கு முன் தன் வீட்டில் அதைச் செய்து பார்த்தார். திங்கட்கிழமை இரவுகளில் ஓட்டல்கள் அடுப்பை மூடின. அந்தத் தலைமுறையில் இன்றும் இருப்பவர்கள் அதைப் பெருமையோடுதான் சொல்வார்கள். அடுத்த ஜனவரியில் அவர் இறந்தபோது, கார் வாங்க வங்கியில் எடுத்த 5,000 ரூபாய்க் கடன் பாக்கியிருந்தது. அவர் மனைவி அதை அடைத்தார்.

அண்மைக் காலத்திலும் எடுத்துக்காட்டு உண்டு. 2015 மார்ச்சில் பிரதமர் மோடி, வசதியுள்ளவர்கள் சமையல் எரிவாயு மானியத்தை விட்டுக்கொடுங்கள், அது ஏழை வீட்டு அடுப்புக்குப் போகும் என்று கேட்டார். ஓராண்டுக்குள் ஒரு கோடி வீடுகள் விட்டுக்கொடுத்தன. கட்டாயம் இல்லை, பணம் எங்கே போகும் என்றும் சொன்னார்கள், அதனால் கொடுத்தார்கள். ஐந்தே ஆண்டில் விட்டுக்கொடுக்காதவர்களின் மானியமும் சத்தமில்லாமல் நின்றுபோனது. தானாகக் கொடுத்ததற்கும் கேட்காமல் எடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மக்கள் மறப்பதில்லை.

மேலே உள்ளவர் குறைத்ததாகக் காட்டுவதும் போதாது. 2009 செப்டம்பரில் மத்திய அரசு சிக்கன நடவடிக்கை அறிவித்து, அமைச்சர்கள் விமானத்தில் சாதாரண வகுப்பில் போக வேண்டும் என்றது. அப்போது வெளியுறவுத் துறையின் இரு அமைச்சர்கள் ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் தங்கியிருந்தது தெரியவந்தது. அவர்களில் ஒருவரான சசி தரூர் சாதாரண வகுப்பை மாட்டுக் கொட்டகை என்ற பொருள்படக் குறிப்பிட்டு, பிறகு வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. நாட்டில் பெரும்பாலானோருக்கு அந்த வகுப்பே வாழ்நாள் கனவு.

தி.நகரின் இரண்டு வீடுகள்

மேலே உள்ளவர் எளிமையாக வாழ்ந்தால் மட்டும் அவர் அறிவுரை ஏற்கப்படுமா? இந்தக் கேள்விக்கு தி.நகரிலேயே விடை இருக்கிறது. பஸ்லுல்லா சாலையில் ராஜாஜி வாழ்ந்தார். அவர் எளிமையை எதிரிகளும் மறுத்ததில்லை. 1952-இல் சென்னை மாகாண முதல்வரானபோது, பள்ளிக்குப் போக வேண்டிய வயதுப் பிள்ளைகளில் பெரும்பகுதி வெளியே இருந்தது. புதிய பள்ளி கட்டவும் ஆசிரியர் நியமிக்கவும் பணம் இல்லை. இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியரையும் வைத்து இரண்டு வேளையாக நடத்தினால் இரண்டு மடங்குப் பிள்ளைகள் படிக்கலாம் என்று கணக்கிட்டார். 1953-இல் கிராமப் பள்ளிகளில் நேரம் மூன்று மணியாகச் சுருங்கியது. மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். திட்டத்துக்கு முன்பே திருவான்மியூரில் சலவைத் தொழிலாளர்களிடம் பேசியபோதும், அவரவர் தொழிலை அவரவர் செய்வது நல்லது என்ற கருத்தை அவர் சொல்லியிருந்தார்.

வரவு செலவுக் கணக்கில் அது புத்திசாலித்தனமான திட்டம். ஆனால் எந்தப் பிள்ளையின் நேரம் மிச்சம் பிடிக்கப்பட்டது? வக்கீல் மகன் நகரத்துப் பள்ளியில் முழு நாளும் படித்தான். வெளுப்பவர் மகனும் முடி திருத்துபவர் மகனும் பாதி நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரியார் இதைக் குலக்கல்வி என்று அழைத்தார். மக்கள் வாயில் அந்தப் பெயரே நிலைத்தது. 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில், ராஜாஜியின் தி.நகர் வீட்டு முன் மறியலுக்கு ஈ.வெ.கி.சம்பத் தலைமை தாங்கினார். 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார். மே மாதம் திட்டமும் போனது.

அவருக்குப் பின் முதல்வரான காமராஜரும் பிற்காலத்தில் அதே தி.நகரில், திருமலைப் பிள்ளை சாலையில், வாடகை வீட்டில் வாழ்ந்து மறைந்தார். அவரும் கதர் கட்டிய எளியவர். அவர் கையிலும் அரசுப் பணம் பெருகி வழியவில்லை. இருந்தும் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தை விரித்தார். ஊர்ப் பெரியவர்களிடம் அரிசியும் பணமும் கேட்டார். அரசின் பங்கையும் சேர்த்தார். பள்ளிகளைக் கிராமம் கிராமமாகத் திறந்தார். ஒருவர் பற்றாக்குறைக்கான விடையைக் குழந்தையின் பள்ளி நேரத்தில் தேடினார். மற்றவர் இருப்பவர்களின் களஞ்சியத்தில் தேடினார். இருவரின் எளிமையும் உண்மை. மக்கள் எளிமையை மட்டும் பார்க்கவில்லை; யாருடைய பங்கில் கை வைக்கப்படுகிறது என்பதைப் பார்த்தார்கள்.

நம் கண்ணெதிரே கடலுக்கு அப்பாலும் இதே பாடம் நடந்தது. 1953-இல் இலங்கை அரசு ரேஷன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியது. ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடே நின்றது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 2019 இறுதியில் கோட்டாபய ராஜபக்ச அரசு வரிகளைப் பெரிதாகக் குறைத்தது. 2022-இல் டாலர் தீர்ந்து, எரிபொருளும் மருந்தும் இல்லாமல் போனபோது, அரசு ஊழியர்கள் வெள்ளிக்கிழமை விடுப்பெடுத்து வீட்டுத் தோட்டத்தில் பயிர் செய்யட்டும் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. அந்த மார்ச்சிலேயே பசி தாங்காத தமிழ்க் குடும்பங்கள் குழந்தைகளோடு தனுஷ்கோடி மணல் திட்டில் வந்து இறங்கியிருந்தன. ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகை மக்கள் கைக்குப் போனது.

தொண்ணூறு மணி நேரம்

இப்போது அறிவுரை வேறு உருவத்தில் வருகிறது. பணத்தோடு நேரத்தையும் கொடு என்கிறார்கள். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி நேரம் பற்றிப் பேசிய காணொளி பரவியது. ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்திய அவர், வீட்டில் மனைவியை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டார். மணப்பாக்கத்தில் அந்த நிறுவனத்தின் கட்டுமானப் பிரிவுத் தலைமையகம் இருப்பதால் சென்னையில் அது உள்ளூர்ச் செய்தியாகவும் ஆனது. 2023-24 ஆண்டறிக்கைப்படி அவர் ஊதியம் 51 கோடி ரூபாய். நிறுவன ஊழியரின் இடைநிலை ஊதியத்தைப் போல 534 மடங்கு.

அந்தப் பேச்சு தி.நகர் ரங்கநாதன் தெருவில் எப்படிக் கேட்டிருக்கும்? துணிக்கடையில் காலை ஷட்டர் ஏறியதிலிருந்து இரவு மடித்து அடுக்கும்வரை நிற்கும் பெண்களுக்கு நீண்ட நேரம் என்பது லட்சியம் அல்ல, வீங்கிய கால். 2010-இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ அந்த வாழ்க்கையைத்தான் திரையில் காட்டியது. அவர்கள் உட்காருவதற்கு ஓர் இருக்கை வேண்டும் என்று சட்டம் எழுத 2021 வரை ஆனது. கணவன் முகத்தையும் பிள்ளை முகத்தையும் விடுமுறை நாளில் பார்ப்பதைக் குறையாகச் சொன்னது அவர்களுக்கு வலிக்காமல் எப்படி இருக்கும்?

உழைப்பு குறைந்ததால்தான் நாடு முன்னேறவில்லை என்ற கருத்தை அரசின் ஏடுகளே தாங்கிப் பிடிக்கவில்லை. 2024 ஜூலையில் வந்த பொருளாதார ஆய்வறிக்கை, 33,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களை ஆராய்ந்து, 2020-க்கும் 2023-க்கும் இடையிலான மூன்று நிதியாண்டுகளில் அவற்றின் வரிக்கு முந்தைய லாபம் ஏறக்குறைய நான்கு மடங்கானது என்றது. வேலைவாய்ப்பும் சம்பளமும் அந்த வேகத்தில் வளரவில்லை என்பதையும் எழுதியது. தலைமைப் பொருளாதார ஆலோசகர் வி.அனந்த நாகேஸ்வரன் தலைமையில் தயாரான அறிக்கை இது. தொண்ணூறு மணிப் பேச்சு பரவிய அதே மாதக் கடைசியில் வந்த அடுத்த அறிக்கை, வாரம் 60 மணிக்கு மேல் உழைப்பது உடலையும் மனதையும் கெடுக்கும் என்று ஆய்வுகளைச் சுட்டியது.

தமிழ்நாட்டு அரசும் இந்தச் சறுக்கலுக்கு விதிவிலக்கு அல்ல. 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் நிறைவேறியது. தோழமைக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் கொதித்தன. மே 1 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். 1923 மே 1 அன்று இதே சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டு. கேட்கும் காது இருந்தால் திருத்திக்கொள்ள முடியும் என்பதற்கும் அதுவே சான்று.

கீழிருந்து மேலே போகும் பேச்சுக்கு எப்போதும் அந்த மரியாதை கிடைப்பதில்லை. 2024 செப்டம்பரில் கோவையில் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பங்கேற்ற கூட்டத்தில், அன்னபூர்ணா உணவகக் குழுமத்தின் சீனிவாசன் பன்னுக்கும் கிரீமுக்கும் வெவ்வேறு ஜி.எஸ்.டி. இருப்பதன் குழப்பத்தை நகைச்சுவையாக எடுத்துச் சொன்னார். அடுத்த நாள் அவர் அமைச்சரிடம் தனியே வருத்தம் தெரிவிக்கும் காணொளி வெளியானது. அதை வெளியிட்டதற்கு பா.ஜ.க. மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை மன்னிப்புக் கேட்டார். வரி கட்டுகிறவர் வரியைப் பற்றிப் பேசியதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. வரி போடுகிறவர்கள் சொல்லும் அறிவுரைக்கு அப்படி ஒரு நாளும் நேர்வதில்லை.

நாம் கீழே பார்க்கும்போது

இந்த இடத்தில் நடுத்தர வர்க்கம் தன்னையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மேலிருந்து வரும் அறிவுரையைக் கசப்போடு கேட்கும் அதே வீடுகளிலிருந்து கீழ்நோக்கி எவ்வளவு அறிவுரை போகிறது! பெண்களுக்கு இலவசப் பேருந்து எதற்கு, ஆயிரம் ரூபாய் எதற்கு, ரேஷனில் சும்மா அரிசி கொடுத்துச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள் என்ற பேச்சு அடையாறு பூங்கா நடைப்பயிற்சியிலும் மயிலாப்பூர் காபிக் கடைகளிலும் அன்றாடம் கேட்கிறது. 2022 ஜூலையில் பிரதமர் இலவசங்களை இனிப்பு விநியோகம் என்று சாடியபோது அதற்குத் தலையாட்டியவர்களில் இவர்கள் அதிகம்.

அந்த இலவசப் பேருந்தில் ஏறுகிறவர் யார் என்று பார்ப்போம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். அதற்கு முன்பே கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் போனவர்கள் உண்டு. வீடு நகரின் விளிம்புக்குப் போனது. வேலை மட்டும் அடையாறிலும் மயிலாப்பூரிலும் தி.நகரிலுமே இருந்தது. இங்கே பாத்திரம் தேய்க்க, வாசல் பெருக்க, முதியவரைப் பார்த்துக்கொள்ள விடியற்காலையில் இரண்டு பேருந்து மாறி வருகிறார்கள். 2021 மே மாதம் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. நம் அடுப்படியைச் சுத்தமாக வைக்கிறவரின் பயணச் செலவை அரசு ஏற்கிறது; அந்தச் சலுகையில் நமக்கும் பங்கு உண்டு. 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் பெறும் மாதம் ஆயிரம் ரூபாய், ஏறிய சிலிண்டர் விலைக்கே சரியாகிவிடுகிறது.

அரசின் கடன் சுமை கவலைக்குரியது. 2021 ஆகஸ்டில் அன்றைய மாநில நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் கடனை ஒரு குடும்பத்துக்கு 2.63 லட்சம் ரூபாய் என்று பிரித்துக் காட்டியது. ஆனால் எங்கே குறைப்பது என்று வரும்போது பார்வை உடனே ஆயிரம் ரூபாயின் மேல் மட்டும் விழுவது ஏன்? 2014 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாய்க் கடனைக் கணக்கிலிருந்து நீக்கின. அதில் ஏறத்தாழ பாதி பெரிய தொழில், சேவை நிறுவனங்களுடையது. நீக்கினாலும் வசூல் தொடரும் என்று அரசு விளக்கியது. நாடாளுமன்றத்தில் சொன்ன அளவில் வசூலானது சிறு பகுதிதான். நடைப்பயிற்சிப் பேச்சில் அந்தத் தொகை ஏன் வருவதில்லை என்று நாமே நம்மைக் கேட்க வேண்டும். ஐஸ்கிரீம் பேச்சில் நமக்கு வலித்தது போலத்தான் அவர்களுக்கும் வலிக்கும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

அறிவுரை சொல்ல யாருக்கும் தடை இல்லை. செல்வந்தரும் அமைச்சரும் பொருளாதார அறிஞரும் சொல்லட்டும். அதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தரட்டும். இந்தச் சுமையில் உங்கள் பங்கு எவ்வளவு, அதை எப்போது தொடங்கினீர்கள்? நாங்கள் விட்டுக்கொடுப்பது எங்கே போகும், அதன் கணக்கை எப்போது காட்டுவீர்கள்? நாங்கள் ஏன் இப்படிச் செலவழிக்கிறோம், ஏன் தங்கம் வாங்குகிறோம், ஏன் தண்ணீரை விலைக்கு வாங்குகிறோம் என்று எப்போதாவது கேட்டீர்களா?

சாஸ்திரியிடம் முதல் கேள்விக்கு விடை இருந்தது. காமராஜரிடம் முதலிரண்டுக்கும் இருந்தது. மூன்றாவதைக் கேட்க இந்த ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. 2022 அக்டோபர் 8 அன்று நிர்மலா சீதாராமன் மயிலாப்பூர் காய்கறிச் சந்தைக்கு வந்து காய் வாங்கினார், வியாபாரிகளிடம் பேசினார். அப்படி வருவது நல்லது. வரும்போது கேமராவைத் தள்ளி வைத்து, அரைநாள் உட்கார்ந்து, இன்று எவ்வளவு முதல் போட்டாய், எந்த வட்டிக்கு வாங்கினாய், மாலையில் அழுகியது எவ்வளவு என்று கேட்டால், டெல்லியில் எழுதும் பல அறிவுரைகளை எழுதாமலேயே விட்டுவிடலாம்.

இன்னொரு நெருக்கடி வரும். எண்ணெய் விலையாலோ போராலோ மழை பொய்த்தோ வரும். அப்போதும் வயிற்றைக் கட்டச் சொல்லி அறிக்கை வரும். அதன் முதல் பத்தியில் எழுதுகிறவரின் பங்கு இருக்கட்டும்: குறைத்த சம்பளம், கட்டிய வரி, விட்டுக்கொடுத்த சலுகை, தொகையோடும் தேதியோடும். அப்படி ஓர் அறிக்கை வந்தால் இரண்டாம் பத்தியில் கேட்பதைத் தர இந்த ஊர் மக்கள் ஒருநாளும் தயங்கியதில்லை.